பட்டறைப் பெட்டியைப் படிக்கும் முறை

லேத் பட்டறை நடத்திய பெரியவர் ஒருவர் மறைந்தபின், அவருடைய மரப்பெட்டி பிள்ளைகளிடமோ மருமக்களிடமோ வந்து சேர்கிறது. உள்ளே இருப்பதில் பாதிக்குப் பெயர் தெரியாது. உடனே ஒவ்வொன்றாக எடுத்துத் துருவைச் சுரண்டி, படம் பிடித்து, இது என்னவென்று நாலு பேரிடம் கேட்பார்கள். இப்படித் தனித்தனியாகப் பிரித்துக் கேட்டால் பெட்டி வாய் திறக்காது என்பது என் கருத்து. ஒரு கருவி என்ன வேலை செய்தது என்பதைப் பக்கத்தில் கிடக்கும் கருவிதான் சொல்லும்.

127 பற்கள் கொண்ட ஒரு கியரை எடுத்துக்கொள்ளுங்கள். தனியே பார்த்தால் அது பழைய இரும்புச் சக்கரம், அவ்வளவுதான். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர்; அதை ஐந்தால் பெருக்கினால் 127. வெட்டுளியை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ அங்குலக் கணக்கில் உள்ள லேத்தில் மில்லிமீட்டர் மறை வெட்டுவதற்கென்றே அந்தச் சக்கரம் செய்யப்பட்டது. அதன் அருகே அங்குலக் கணக்கிலான விட்வொர்த் ஸ்பேனர்களும் மெட்ரிக் டேப்புகளும் கலந்து கிடந்தால், இன்னொரு செய்தியும் கிடைக்கிறது. நம் நாட்டில் 1956-ல் சட்டம் வந்து மெட்ரிக் அளவு படிப்படியாகப் பரவிய காலத்தில், அந்தப் பட்டறை இரண்டு கணக்கிலும் வேலை எடுத்திருக்கக்கூடும். அந்த ஸ்பேனரும் லேசில் பிடிபடாது. அரை அங்குலம் என்று பொறித்திருக்கும். வாயை அளந்தால் 23 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். பொறித்த எண் போல்ட்டின் விட்டத்தைக் குறிக்கிறது, ஸ்பேனரின் வாயை அல்ல. டேப்புகளையும் போல்ட்டுகளையும் கூடவே வைத்துப் பார்த்தால்தான் இது விளங்கும்.

கம்பெனி முத்திரை போதாதா என்று கேட்கலாம். முத்திரை, கருவியைச் செய்தவரைச் சொல்லும். பட்டறைக்காரர் பிறகு அதை என்னவாக மாற்றினார் என்று சொல்லாது. பல் முழுக்கத் தீட்டி எடுக்கப்பட்டு, நுனி லேசாக வளைவாகத் தேய்த்துப் பளபளவென்று கூராக்கப்பட்ட தட்டை அரம் ஒன்று இருக்கும். முத்திரையை நம்பினால் அது கெட்டுப்போன அரம். பக்கத்திலேயே நீலச் சாயம் காய்ந்த தகர டப்பா இருந்தால், அது லேத்தின் ‘பெட்’ எனும் அடித்தளத்தில் உள்ள மேடுகளைச் சுரண்டிச் சமன் செய்த ஸ்கிரேப்பர் என்று தெரிந்துபோகும். சாயம் பூசிய சமதட்டை அதன்மேல் தேய்த்தால், சாயம் ஒட்டிய இடம்தான் மேடு. அந்த இடத்தை மட்டும் மயிரிழை மயிரிழையாகச் சுரண்டுவார்கள். எவ்வளவு பொறுமையான கை அது! கைபேசியில் எடுத்த படத்துக்கு இது எப்படித் தெரியும்? டப்பாவை அழுக்கென்று குப்பையில் போட்டவருக்கு அந்த அரம் என்றைக்கும் அரமாகவே இருக்கும்.

துரு பரவிவிடுமே என்ற கவலை நியாயமானது. எண்ணெய்த் துணியால் ஒற்றி வைத்தால் போதும். கம்பி பிரஷும் எமரித் தாளும் துருவோடு தேய்மானத் தடத்தையும் கொண்டுபோய்விடும். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள வீட்டில் இடமில்லை என்பதும் உண்மைதான். விற்பதில் குற்றமில்லை. எடைக்குப் போடுமுன், எது எதோடு கிடந்ததோ அந்த வரிசை கலையாமல் ஒரு தார்ப்பாயில் பரப்பி, ஓய்வுபெற்ற டர்னர் ஒருவரை அழைத்து ஒரு மாலைப்பொழுது உட்காரவையுங்கள். அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டிவிட்டு, பிறகு விலை பேசலாம்.