சான்றொடு பேசுக

(வாசுதேவநல்லூரில் ஆசிரியரும் மாணவரும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கட்டுரை எழுதுவோரையும் ஆய்வேடு எழுதுவோரையும் நோக்கி எழுப்பப்பெறும் வினாக்களுள் தலையாயது ஒன்று: "இச்செய்தியை எங்குக் கண்டாய்?" என்பதே அது. இவ்வினாவைக் கேட்டவுடன் தம் நேர்மையையே பிறர் ஐயுற்றதாகக் கருதி முகம் சுளிப்பவர் சிலர். அடிக்குறிப்பும் நூற்பட்டியலும் மேலை நாட்டார் கொணர்ந்த புதுவழக்கு, பட்டம் பெறுதற்பொருட்டுக் கட்டுரையின் இறுதியில் ஒட்டப்பெறும் ஒட்டு என்று எண்ணுவோர் பலர். இரு சாரார் எண்ணமும் பிழையே. சான்று காட்டுதல் தமிழர்க்குப் புதிதன்று. தமிழ் நூன்மரபின் முதுகெலும்பே அது.

தொல்காப்பியர் தம் நூல் நெடுகிலும் 'என்ப' என்கின்றார், 'மொழிப' என்கின்றார், 'என்மனார் புலவர்' என்கின்றார். எழுத்தும் சொல்லும் பொருளும் ஆய்ந்த அப்பேராசான், தமக்கு முன்னும் புலவர் இருந்தனர், இக்கருத்து அவர்தம் கருத்து என்று சொல்லக் கூசினாரல்லர். அதனால் அவர் பெருமை குறைந்ததோ? குறையவில்லை. அவர்க்கு முன்பே தமிழில் இலக்கண ஆராய்ச்சி இருந்தது என்பதற்கு அச்சிறு சொற்களே இன்று சான்றாய் நிற்கின்றன.

நன்னூலாரை நோக்குக. ஒரு நூலின் சிறப்புப் பாயிரத்தில் செய்தோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டும் விளங்கவேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. காலம், களன், காரணம் ஆகிய மூன்றையும் கூட்டிச் சொல்வோரும் உளர் என்று பிறர் கொள்கையையும் அவர் மறவாது குறிக்கின்றார். இன்றைய பல்கலைக்கழகங்கள் அடிக்குறிப்பில் கேட்பவை எவை? ஆசிரியர் பெயர், நூற்பெயர், வெளியிட்ட இடம், ஆண்டு என்பனவே. இவற்றுக்குரிய இடம் அப்பாயிர இலக்கணத்திலேயே இருக்கின்றது. 'வழி' என்பதோ, இந்நூல் எதனை முதலாகக் கொண்டு எழுந்தது என்னும் மூலக்குறிப்பே அன்றோ?

இம்மரபால் விளைந்த பயன் சிறிதன்று. முத்தொள்ளாயிரம் முழுநூலாகக் கிடைக்கவில்லை. வளையாபதி ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாக எண்ணப்படுவது. அதில் இன்று எஞ்சியவை 72 பாடல்களே. தகடூர் யாத்திரையும் சிதறிய பாடல்களாகவே நிற்கின்றது. இவற்றையெல்லாம் காத்தவர் யாவர்? உரையாசிரியர்களும் புறத்திரட்டு என்னும் தொகைநூலைத் தொகுத்தோருமே ஆவர். திரட்டினோர் பாட்டை மட்டும் எழுதி அமைந்தாரல்லர். இன்ன நூற்பாட்டு என்று பெயரையும் ஓலையில் பொறித்தனர். அந்த ஒரு சொல் எழுத்தாணியில் விடுபட்டிருப்பின், பாடல் இருந்தும் நூல் முற்றும் அழிந்திருக்கும்.

சிலப்பதிகாரத்துக்கு உரை செய்த அடியார்க்குநல்லார், தம் இசை நாடக விளக்கங்கட்குத் துணைநின்ற நூல்கள் இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத் தமிழ் நூல் என ஐந்தின் பெயரையும் உரைப்பாயிரத்தில் கூறினார். நெடுங்காலம் பெயரளவில் அறியப்பட்டிருந்த பஞ்சமரபு, சுவடி கிடைத்து 1970-களில் அச்சேறியபோது அதன் அருமை உடனே விளங்கிற்று. பெயர் சொல்லி வைத்த உரையாசிரியரின் நேர்மையே அதற்குக் காரணம். மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் 1959-இல் 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்னும் நூலை ஆக்க இயன்றதும் இத்தகைய மேற்கோட் குறிப்புகள் இருந்தமையாலேயே.

மரபின் பெருமையைக் கூறுமிடத்து அதன் குறையை மறைத்தலும் கூடாது. உரையாசிரியர் பலவிடங்களில் 'என்றார்', 'என்புழி' என்று சொல்லி, நூற்பெயர் சுட்டாமலே சென்றனர். அவர் காலத்து மாணவர்க்கு அப்பாடல்கள் மனப்பாடம். சுட்டவேண்டிய தேவை எழவில்லை. நூல்கள் மறைந்தபின் அவ்வடிகள் தாயறியாச் சேய்போல் நின்றன. உ. வே. சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தபோது, மூலம் புலப்படாதவற்றை விளங்கா மேற்கோள் எனத் தனியே தொகுத்துக் காட்டினார். அறிந்ததை அறிந்ததாகவும் அறியாததை அறியாததாகவும் காட்டிய அச்செயல் ஆய்வாளர் அனைவர்க்கும் வழிகாட்டி.

இனி, இவ்வூர்ச் செய்தி ஒன்றையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவரின் புகழை அறியாதார் இப்பகுதியில் இலர். 1755-ஆம் ஆண்டில் படைத்தலைவன் எரோன் அவர்தம் கோட்டைமுன் வந்து திறை கேட்டுப் பெறாது மீண்டான். இதனை மாணவர் ஒருவர் எழுதுகின்றார் என்க. சான்று யாது? ஆங்கிலக் குழும்பின் சென்னை ஆட்சிக்குழுவில் அந்நாளில் இருந்த இராபர்ட்டு ஓர்ம் என்பார் எழுதிய படைச்செயல் வரலாறு. அதன் முதற்பகுதி 1763-இலும் அடுத்த பகுதி 1778-இலும் இலண்டனில் வெளிவந்தன. அந்நூலில் 'வாசுதேவநல்லூர்' என்று தேடுவோர் ஏமாறுவர். அவர் நாவில் இவ்வூர் 'வாசினெலோர்' எனச் சிதைந்து கிடக்கின்றது. எனவே பகுதி எண்ணும் பக்க எண்ணும் குறித்தல் பின்வருவார்க்குச் செய்யும் பேருதவியாகும்.

இதே வாசுதேவநல்லூர்க் கோட்டையை 1767-இல் படைத்தலைவன் தோனால்டு காம்பெல் முற்றுகையிட்டான். இதற்கும் ஓர்மையே சான்றாகக் குறிப்பவர் நூலைத் திறவாமலே குறித்தவர் ஆவர். 1778-இல் வெளிவந்தமையால் 1767 நிகழ்ச்சியும் அதில் இருக்கும் என்று தலைப்பேட்டை மட்டும் கண்டோர் எண்ணலாம். ஆயின் அந்நூல் 1761-இல் புதுச்சேரி வீழ்ந்ததோடு நின்றுவிடுகின்றது. 1767-க்குச் சென்னை அரசின் ஆவணங்களைத்தாம் நாடவேண்டும். பொய்ச்சான்று ஒன்று வெளிப்படின், அதனருகே நிற்கும் மெய்ச்சான்றுகளையும் உலகம் ஐயுறும்.

இன்னுமொன்று. கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்று நூலில் ஓர்மின் செய்திகளை எடுத்தாண்டார். கால்டுவெல்லைப் பார்த்து வேறொருவர் எழுதினார். அவரைப் பார்த்து மற்றொருவர் எழுதினார். இவை நான்கு சான்றுகளோ? அல்ல, ஒரே சான்றின் நான்கு படிகள். இன்று இணையத்தில் ஒரு செய்தி நூறு பக்கங்களில் காணப்படினும் மூலம் ஒன்றாயின் சான்றும் ஒன்றே. கால்டுவெல்லில் மட்டும் படித்தவர் "கால்டுவெல் காட்டும் ஓர்ம்" என்றே எழுதுக. தாம் காணாத நூலைக் கண்டதாகக் காட்டற்க.

பூலித்தேவர் சங்கரன்கோவில் திருக்கோயிலுள் புகுந்து ஒளியில் மறைந்தார் என்பது மக்கள் வழக்கு. அதனை எழுதலாகாது என்பதில்லை. செவிவழிச் செய்தி என்று தெளிவுறுத்தி, சொன்னவர், ஊர், கேட்ட நாள் ஆகியவற்றைக் குறித்து எழுதுக. நாட்டுப்பாடலுக்கும் இதுவே முறை. மக்கள் வாய்மொழியும் சான்றே. ஓலையாவணமென அதற்கு வேடம் புனைதலே குற்றம்.

முறையைச் சுருங்கக் கூறின்: பிறர் சொல்லை அப்படியே எடுப்பின் மேற்கோட்குறிக்குள் இடுக, ஓர் எழுத்தும் மாற்றற்க, இடையில் விட்டால் புள்ளியிட்டுக் காட்டுக. கருத்தை மட்டும் எடுத்துத் தம் சொல்லில் எழுதினும் உரியவர் பெயரைக் கூறுக. சொல்லை மாற்றிவிட்டால் கருத்துத் தமதாகிவிடாது. அடிக்குறிப்பில் ஆசிரியர், நூல், பதிப்பகம், இடம், ஆண்டு, பக்கம் என நிரல்படத் தருக. மீண்டும் அந்நூலே வரின் 'மேலது' என்று பக்க எண்ணை இடுக. பழநூலாயின் பாட்டெண்ணும் அடியெண்ணும் வேண்டும், பதிப்பும் வேண்டும். தொல்காப்பிய நூற்பாக்களை இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் பிரித்த முறை வேறுபடுதலின், எவர் உரைப்பதிப்பு என்று கூறாத நூற்பா எண் வழிதவறச் செய்யும். இணையச் செய்தியாயின் முகவரியும் பார்த்த நாளும் தருக.

சான்று காட்டினால் மாற்றார் அதனைப் பிடித்து மறுப்பரே என்று அஞ்சுவார் உளர். மறுக்க இடந்தருவதே அறிவின் அறம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகரமுதலி 1924 முதல் 1936 வரை ஆறு மடலங்களாக வெளிவந்தது. அது சொற்பொருளுக்கு இலக்கிய ஆட்சியைக் காட்டிற்று. தான் கொண்ட சொன்மூலத்தையும் வெளிப்படக் குறித்தது. இப்பக்கத்துச் சங்கரன்கோவிலில் 1902-இல் பிறந்த மொழிஞாயிறு பாவாணர் அச்சொன்மூலங்கள் பலவற்றை எடுத்து மறுத்து, தமிழ்வேர் காட்டினார். அகரமுதலி தன் கருத்தை ஒளித்து வைத்திருப்பின், அம்மறுப்புக்கு இடமேது?

தமிழின் தொன்மையையும் தமிழரின் மறத்தையும் பேசுவோர்க்கு இக்கடமை பிறரினும் மிகுதி. சான்றின்றிக் கூறும் பெருமை மேடையில் கைதட்டல் பெறும், மாற்றான் ஒருவன் "எங்குக் கண்டாய்?" என்றவுடன் உமிபோற் பறக்கும். சான்றொடு கூறிய சிறு செய்தியோ கல்லில் வெட்டிய எழுத்தாய் நிற்கும். தமிழைப் பகைப்போர் பொய் சொல்கின்றனர் என்று குறை கூறுவோர், தம் கட்டுரையில் ஒரு பக்க எண்ணையேனும் பொய்யாக எழுதலாமோ?

மாணவச் செல்வங்களே! நூலைத் திறந்து காண்க. கண்டதைக் கண்டவாறு எழுதுக. கண்ட இடத்தைக் காட்டுக. முன்னோர்க்குரிய கடனும் பின்னோர்க்குரிய கொடையும் அவ்வொரு வரியிலேயே அடங்கும்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழாய்வு!