சவுலுக்கு வாசித்த யாழ்



சாமுவேல் முதல் நூல் 16ஆம் அதிகாரத்தில் சவுல் அரசர் மனம் கலங்கிப் போயிருக்கிறார். தீய ஆவி அவரை அலைக்கழித்ததாக விவிலியம் சொல்கிறது. அந்தக் காலத்தில் அந்தத் துன்பத்துக்கு இருந்த பெயர் அது. அவருடைய பணியாளர்கள் அரசரிடமே போய், "நீங்கள் நலமாக இல்லை, யாழ் மீட்டத் தெரிந்த ஒருவரைத் தேடிக் கொண்டுவருகிறோம்" என்ற பொருளில் பேசுகிறார்கள். அரசரும் சரி என்கிறார். அப்படித்தான் பெத்லகேமில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாவீது அரண்மனைக்குள் வருகிறார். அவர் யாழ் மீட்டும்போதெல்லாம் சவுலுக்கு ஆறுதல் கிடைத்தது.

தாவீதின் இசையைப் பற்றி நிறைய மறையுரைகள் கேட்டிருப்பீர்கள். எனக்கு அந்தப் பணியாளர்கள்தான் பெரிதாகத் தெரிகிறார்கள். வீட்டில் ஒருவருக்கு மனம் சரியில்லை என்பதை அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். அக்கம்பக்கத்துக்குத் தெரியக்கூடாது என்று கதவைச் சாத்தவில்லை.

நான் அப்படிச் செய்யத் தவறிய கதை ஒன்று உண்டு. திருவான்மியூர்க் கடற்கரையோரக் குடும்பம் ஒன்று 2004ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வேளாங்கண்ணி போயிருந்தது. அப்பா, அம்மா, ஏழு வயது மகன், ஐந்து வயது மகள். மறுநாள், டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை கடல் உள்ளே வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் குடும்பம் மூன்று பேராகத் திரும்பி வந்தது.

சில வாரங்கள் கழித்து, இங்கே பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுக்கத் தொண்டர்கள் சிலர் வந்தார்கள். அந்தப் பையனும் வந்து உட்கார்ந்தான். தாள் முழுவதும் கறுப்பு. தென்னை மரத்துக்கு மேலே கடல். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் நீலக் கலர் கிரேயானை எடுத்து நீட்டி, "கடல் நீலம்டா" என்றார். அந்தத் தொண்டர் பெண் அவர் கையை மெல்லத் தடுத்து, "அவன் பார்த்த கடல் அது, விடுங்க" என்றார். நான் குருமடத்தில் பல ஆண்டு படித்தவன். அந்த ஒரு வரியை எனக்கு யாரும் அதுவரை சொல்லித் தந்ததில்லை.

நாலைந்து வாரம் கறுப்புதான். ஒரு நாள் அந்தக் கறுப்புக்குள் ஒரு படகு வந்தது. படகில் ஒரு நாய். "ஏன்டா நாய்?" என்று கேட்டேன். "அதுக்கு நீச்சல் தெரியும் ஃபாதர்" என்றான்.

பையன் தேறி வருகிறான் என்று எனக்கு மகிழ்ச்சி. அவனுடைய அம்மாவை நான் பார்க்கவே இல்லை. பார்த்தேன், ஆனால் பார்க்கவில்லை. அவர் ஒருநாள் வந்து, இரவில் தூக்கமே இல்லை, அலைச் சத்தம் கேட்டால் நெஞ்சு அடைக்கிறது என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "மாதாகிட்டதானே ஃபாதர் போனோம்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் ஒரு நவநாள் புத்தகத்தைக் கையில் கொடுத்து, விடாமல் ஜெபியுங்கள் அம்மா என்று அனுப்பிவிட்டேன். ஒன்பது வாரம் ஒழுங்காக வந்தார். அதன் பிறகு கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவரை அவருடைய தங்கை மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனபோது இரண்டு ஆண்டு கடந்திருந்தது. அந்த இரண்டு ஆண்டில் பாதி என் கணக்கில் வரும்.

நம் தமிழர் நடுவே இந்தப் பணியை அழகாகச் செய்த இடம் ஒன்று இலங்கையின் மட்டக்களப்பில் இருக்கிறது. வண்ணத்துப்பூச்சித் தோட்டம் என்பார்கள். போர் நடந்துகொண்டிருந்த 1996ஆம் ஆண்டில், இயேசு சபையைச் சேர்ந்த அருள்தந்தை பால் சற்குணநாயகமும், கனடாவிலிருந்து வந்த ஓவியர் பால் ஹோகனும் அதைத் தொடங்கினார்கள். அருள்தந்தை உளவள ஆலோசனையில் பயிற்சி பெற்றவர். சுற்றியுள்ள தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் ஒன்றாக வருவார்கள். ஒருவர் ஊரை ஒருவர் பயந்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். களிமண் பிசைவது, படம் வரைவது, கதை கட்டுவது, நாடகம் போடுவது, செடி நடுவது, இதுதான் அங்கே வேலை. உன் வீட்டில் என்ன நடந்தது என்று பிள்ளையைத் துளைத்துக் கேட்பதில்லை. சொல்ல வருவதைக் களிமண் சொல்லட்டும் என்று காத்திருப்பார்கள். அடிபட்ட நினைவு பல நேரங்களில் சொல்லாக இருப்பதில்லை. வாசனையாகவும் சத்தமாகவும் நெஞ்சடைப்பாகவும் உடம்புக்குள் கிடக்கிறது. கைக்கு ஒரு வேலை கொடுத்தால், அது வெளியே வர ஒரு வழி கிடைக்கிறது.

இது நமக்குப் புதிதும் இல்லை. நம் பாட்டிமார் இழவு வீட்டில் ஒப்பாரி வைத்தார்கள். பெரிய வெள்ளியன்று வியாகுலப் பிரசங்கம் கேட்டு ஊரே வாய்விட்டு அழுதது. இப்போது சாவு வீட்டில் ஒலிபெருக்கி பாடுகிறது, நாம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். திருப்பாடல்களிலும் புலம்பல்கள் ஏராளம். 88ஆம் திருப்பாடலை இன்று இரவு எடுத்து வாசியுங்கள். அது இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. கடைசியில் ஓர் அல்லேலூயா சேர்த்து அதை யாரும் சரிசெய்யவில்லை. திருச்சபை அதை அப்படியே இரவுச் செபத்தில் வைத்திருக்கிறது.

ஆனால் சவுலின் கதையை முழுவதும் படிக்க வேண்டும். 18ஆம் அதிகாரத்தில், அதே தாவீது அதே யாழை மீட்டிக்கொண்டிருக்கும்போது சவுல் அவர்மீது ஈட்டியை எறிகிறார். யாழ் ஆறுதல் தந்தது, நோயை முழுவதும் தீர்க்கவில்லை. ஆகவே ஓவியம் போதும், பாட்டு போதும், ஜெபம் போதும், மாத்திரை எதற்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதைச் சொல்பவர் என்னைப் போல அங்கி போட்டவராக இருந்தாலும் நம்பாதீர்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்வதில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், தமக்கு 42 வயதாக இருந்தபோது ஆறு மாத காலம் வாரம் ஒருமுறை ஓர் உளப்பகுப்பாய்வாளரிடம் சென்றதாக 2017இல் வெளிவந்த நேர்காணல் நூலில் தாமே சொன்னார். அந்த மருத்துவர் ஒரு யூதப் பெண்மணி. திருத்தந்தைக்கு அதைச் சொல்ல வெட்கமில்லை.

சென்னையில் உதவிக்கு ஆளில்லை என்றும் சொல்ல முடியாது. டாக்டர் சாரதா மேனன் 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தற்கொலைத் தடுப்புக்காகச் சினேகாவைத் தொடங்கினார். சட்டமும் மாறியிருக்கிறது: 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது என்கிறது. நம் அன்பியக் கூட்டங்கள்தான் இன்னும் மாறவில்லை. அங்கே முழங்கால் வலிக்கு வேண்டுதல் வைக்கிறோம், விசா கிடைக்க வேண்டுதல் வைக்கிறோம். "என் மகன் ஆறு மாதமாக அறையை விட்டு வெளியே வரவில்லை" என்று ஒரு தாய் வாய் திறந்து கேட்டதை நான் ஒரே ஒருமுறைதான் கேட்டிருக்கிறேன். அன்று அந்த அறையில் இருந்த மேலும் இரண்டு தாய்மார் அழத் தொடங்கினார்கள்.

அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீங்கள் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். மருந்து எடுத்தார், ஆலோசனைக்கும் போனார். தூக்கம் வந்தது. மெல்ல வீட்டு வேலைகளுக்குத் திரும்பினார். பல ஆண்டு கழித்து ஒரு மார்கழிக் காலையில் அந்தத் தெரு வழியாகப் போனேன். வாசலில் பெரிய நட்சத்திரக் கோலம், அதன் ஓரத்தில் தனியாகச் சின்னக் கோலம் ஒன்று, கோடெல்லாம் கோணலாக. நான் நின்று பார்ப்பதைக் கண்டு வெளியே வந்தார். "அது பாப்பா போடுற கோலம் ஃபாதர். அவளுக்குக் கோணலாத்தான் வரும்" என்றார். அவர் கேட்ட கேள்விக்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை என்பதை அன்றுதான் அவரிடம் சொன்னேன். "தெரியும் ஃபாதர்" என்று சொல்லிவிட்டுக் காப்பி போட உள்ளே போனார்.

நவநாள் புத்தகம் கேட்டு வருகிறவர்களுக்கு நான் இப்போதும் கொடுக்கிறேன். கொடுக்கும்முன் உட்காரவைத்து, தூக்கம் வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டுவிடுகிறேன். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், கேட்டால் பலர் மூச்சுவிடுகிறார்கள். பிறகு புத்தகத்தின் முதல் பக்கத்தில் இரண்டு எண்களை எழுதித் தருகிறேன். நீங்களும் பேனா எடுத்து உங்கள் ஜெபப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அரசின் டெலி மானஸ், கட்டணமில்லா எண்: 14416. சினேகா: 044 24640050.