பொறுப்பு கைமாறும்போது

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. மெஷின் பக்கத்தில் நிற்கிறவன் நான். கொல்லிமலை ஆலத்தூர் நாட்டிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி இந்தக் கல்லூரிக்கு வந்தவன் என்பதால், நம் சங்கத்தின் மருத்துவ உதவி நிதியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த நிதியை இத்தனை ஆண்டுகளும் ஒற்றை ஆளாகச் சுமந்தவர், இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நம் பொருளாளர் அண்ணன். இந்த வருடத்தோடு விலகிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். கேட்டதும் எல்லோரும், "நீங்க இல்லாம எப்படிண்ணே?" என்றோம். பாராட்டாகத்தான் சொன்னோம். ஆனால் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

போன வருடம் எங்கள் மலையில் கண், சர்க்கரைப் பரிசோதனை முகாம் வைத்திருந்தோம். நான்கு நாள் இருக்கும்போது அண்ணன் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். டாக்டர் நம்பர், வேன்காரர் நம்பர், மருந்துக் கடைப் பாக்கி எல்லாம் அவர் தலைக்குள்ளும், அவர் வீட்டு பீரோவில் ஒரு டயரிக்குள்ளும்தான். முகாம் நடக்கவில்லை. நடக்காது என்று மலைக்குத் தகவல் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். என் பெரியம்மாவும் இன்னும் பலரும் காட்டு வேலையை விட்டுவிட்டு வந்து, பள்ளிக்கூட வாசலில் மத்தியானம் வரை காத்திருந்தார்கள். "உங்க காலேஜுக்காரங்க வரலியேப்பா" என்று பெரியம்மா போனில் கேட்டபோது நான் என்ன சொல்வது?

அதற்குப் பிறகுதான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் கதையைத் தேடிப் படித்தேன். தங்கையை 1923-ல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நன்கொடை திரட்டி, 1954-ல் 12 படுக்கைகளோடு அதை ஆரம்பித்தார். அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கே மருத்துவர். 1955-ல் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். 1968-ல் முத்துலட்சுமி அம்மையார் மறைந்தார்.

எங்கள் மலையில் ஊர்க்கவுண்டர் பட்டம் தகப்பனுக்குப் பின் மகனுக்கு. அங்கேயும் அம்மாவின் வேலையை மகன்தான் தொடர்ந்தார். ஆனால் 1980-ல் இயக்குநர் பொறுப்பு சாந்தா அம்மையாரிடம் போனது. அவர் அந்தக் குடும்பத்துப் பெண் அல்ல; 25 ஆண்டு கூடவே நின்று வேலை பார்த்தவர். யார் எந்த நிலையில் இருக்கிறார், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது. கிருஷ்ணமூர்த்தி ஐயா காலமானது 2010-ல். அதாவது பொறுப்பு மாறியபின் 30 ஆண்டுகள், சந்தேகம் வந்தால் கேட்கப் பெரியவர் இருந்தார்.

சாந்தா அம்மையாரும் 1997-ல் இயக்குநர் பொறுப்பை விட்ட பிறகு, 2021-ல் 93 வயதில் மறையும்வரை அங்கேயேதான் இருந்தார். பழையவர் பக்கத்திலேயே இருந்தால் புதியவருக்குச் சங்கடம் இல்லையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இருக்கலாம். ஆனாலும் டயரியோடு வீட்டுக்குப் போய்விடுவதைவிட அது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

பம்ப் ஹவுஸில் இரண்டு மோட்டார் வைப்போம். ஒன்று ஓடும், ஒன்று சும்மா நிற்கும். சும்மா நிற்பதை வாரம் ஒரு தடவையாவது ஓட்டிப் பார்க்காவிட்டால், அவசரத்துக்கு சுவிட்சைப் போட்டதும் உறுமிவிட்டு நின்றுவிடும். நாங்களெல்லாம் சங்கத்தில் இத்தனை நாளும் அப்படி நின்ற மோட்டார்கள்தான். (அண்ணன் சிரிக்கிறார்.)

ஆகவே அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். இப்போதே போய்விடாதீர்கள். அடுத்த முகாமை நாங்கள் நடத்துகிறோம். நீங்கள் பள்ளிக்கூடத் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள். நாங்கள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். அதற்கடுத்த முகாமுக்கு நீங்கள் வரவே வேண்டாம்.

டயரியை நகல் எடுக்க ஒரு நீள நோட்டு வாங்கி வந்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணன் சொல்லச் சொல்ல நான் எழுதப்போகிறேன். கூட இரண்டு பேர் வேண்டும். ஒருவராவது இப்போது படிக்கிற மாணவராக இருந்தால் நல்லது. பெயரைப் பந்திக்குப் போகும் முன் என்னிடம் கொடுங்கள். பெரியம்மாவிடம் தை மாதம் என்று சொல்லியிருக்கிறேன்.