வீட்டை இடிக்காம வெள்ளையடிச்சோம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. மைக் பிடிச்சுப் பேசுறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்கணும்.

1989-ல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கினாங்க. அங்கிருந்து நடந்து வந்து, இன்னிக்கு நாம இணையதளம் வெச்சு வியாபாரம் பண்றோம். அந்த இணையதளத்தால எங்க குழு பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன்.

எங்க குழுவில் 12 பேர். மரச்செக்கு மல்லாட்டை எண்ணெயும், மல்லாட்டை உருண்டையும் செய்யறோம். சொந்தக்காரத் தம்பி ஒருத்தர் காலேஜ் படிக்கும்போது எங்களுக்கு இணையதளம் செஞ்சு குடுத்தார். 3 வருஷத்தில் அதைப் பார்த்து வந்த ஆர்டரை விரல் விட்டு எண்ணிடலாம். போன வருஷம் ஒருத்தர் வந்து பார்த்துட்டு, "இது பழசாயிடுச்சு, எல்லாத்தையும் எடுத்துட்டுப் புதுசா பண்ணணும், 40,000 ரூபாய் ஆகும்"னார்.

குழுப் பணத்திலிருந்து குடுக்கலாம்னு தீர்மானம் எழுதப் போனோம். அது மே மாசம். ஜூன்ல பள்ளிக்கூடம் தொறந்தா ஃபீஸ் கட்டணும்னு 5 பேர் உள்கடனுக்குப் பேர் குடுத்திருந்தாங்க. அதுல என் பேரும் ஒண்ணு. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. "மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா? ஒரு மாசம் குடுங்க, இருக்கிறதையே சரி பண்ணிப் பார்க்கிறேன்"னு கேட்டேன். சரின்னாங்க.

அன்னிக்கு ராத்திரி, ஒன்பதாவது படிக்கிற என் பொண்ணோட உட்கார்ந்து, எண்ணெய் வாங்க வந்தவ மாதிரி நினைச்சுக்கிட்டு போன்ல எங்க பக்கத்தைத் தொறந்தேன். அது தொறக்கறதுக்குள்ள உலையில அரிசியே களைஞ்சு போட்டுட்டேன். அப்புறம் விலையைத் தேடினேன், எங்கேயும் இல்ல. கடைசியா அதுல இருந்த நம்பருக்குப் போட்டேன். அது என்னோட பழைய நம்பர்! ரீசார்ஜ் பண்ணாம விட்டு நின்னு போனது. பொங்கலுக்கு 30 லிட்டர் கேட்டுக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தோம்னு சென்னை வாடிக்கையாளர் ஒருத்தர் பிறகு சொன்னாங்க. தப்பு என்னோடதுன்னு கூட்டத்துல எழுந்து நின்னு சொன்னேன்.

அந்தத் தம்பி ஒரு ஞாயித்துக்கிழமை போன்லயே மாத்தறதைச் சொல்லிக் குடுத்தார். வாரத்துக்கு ஒண்ணா இதைச் செஞ்சோம்.

முதல் வாரம், நம்பரை மாத்தினோம். தொட்டா போன் போற மாதிரியும், வாட்ஸ்அப் தொறக்கிற மாதிரியும் ரெண்டு பொத்தான் வெச்சோம். வாட்ஸ்அப்புக்கு 10 இலக்க நம்பருக்கு முன்னால 91 சேர்க்கணும், இல்லேன்னா போகாது.

ரெண்டாவது வாரம், படங்கள். போன்ல எடுத்த படத்தை அப்படியே ஏத்தியிருந்தோம். ஒவ்வொண்ணும் 4, 5 எம்.பி. அதை 200 கே.பி.க்குள்ள சுருக்கினோம். பக்கம் சட்டுனு தொறந்துச்சு.

மூணாவது வாரம், விலை. "பக்கத்துல யாராவது பார்த்துக் குறைச்சு வித்துட்டா?"ன்னு ஒரு அக்கா பயந்தாங்க. "விலை தெரியாத கடையில நீங்க ஏறுவீங்களா அக்கா?"ன்னு கேட்டேன். இப்ப அளவு, விலை, தேதி மூணும் போடறோம். டப்பாவுல இருக்கிற 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணையும், முகவரியையும் போட்டோம். முகம் தெரியாதவங்க அதைப் பார்த்துத்தான் நம்பிப் பணம் அனுப்புவாங்க.

நாலாவது வாரம், பேரு. பக்கம் முழுக்க இங்கிலீஷ்ல இருந்துச்சு. நமக்கு மல்லாட்டை, சென்னைக்காரங்களுக்கு வேர்க்கடலை, மத்த ஊர்ல நிலக்கடலை, கடலை எண்ணெய். தேடுறவங்க அவங்கவங்க வார்த்தையிலதானே தேடுவாங்க? எல்லாப் பேரையும் தமிழ்லயே எழுதினோம். கூகுள் மேப்புலயும் கடையைப் பதிஞ்சோம், அதுக்குக் காசு இல்ல. கடையை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னாங்க, அனுப்பினோம்.

இன்னொண்ணு முக்கியம். இணையதளத்தோட பேரை வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்கணும். எங்களுது அந்தத் தம்பியோட மின்னஞ்சல்ல இருந்துச்சு. அவர் வேலைக்கு வெளியூர் போயிட்டார். தேதி தவறியிருந்தா பேரே கைவிட்டுப் போயிருக்கும். அதைக் குழு மின்னஞ்சலுக்கு மாத்தி, புதுப்பிக்கிற தேதியைத் தீர்மான நோட்டுல எழுதினோம். பாஸ்வேர்டு ஊக்குநர், பிரதிநிதி ரெண்டு பேர்கிட்ட இருக்கு.

கூப்பிடுறவங்ககிட்ட "எதைப் பார்த்துக் கூப்பிடுறீங்க?"ன்னு கேட்டு நோட்டுல எழுதறேன். மாசம் ஒண்ணு ரெண்டு போன் வந்த இடத்துல இப்ப வாரம் நாலஞ்சு வருது. எல்லாரும் வாங்கறதில்ல. ஆனா வாங்கினவங்க திரும்பக் கேக்கறாங்க.

புதுசா செய்யவே கூடாதுன்னு நான் சொல்லல. போன்ல எழுத்தே தெரியலேன்னா, உள்ள எதையும் மாத்தவே முடியலேன்னா, புதுசா செய்யத்தான் வேணும். அதுக்கு முன்னாடி இருக்கிறதை ஒரு தடவை தூசி தட்டிப் பாருங்க.

அந்த 40,000 ரூபாய் ஜூன் மாசம் 5 வீட்டுக்கு உள்கடனாப் போச்சு. 5 பேரும் தவணை தவறாம கட்டறோம். என் பொண்ணு இப்ப பத்தாவது படிக்கிறா.

இன்னிக்கு வீட்டுக்குப் போனதும், வேற யாரோட போனையாவது வாங்கி உங்க குழுப் பக்கத்தைத் தொறங்க. அதுல இருக்கிற நம்பருக்கு ஒரு போன் போடுங்க. மணி அடிக்குதான்னு பாருங்க.