நோயுற்ற பிள்ளையும் வீட்டார் கடமையும்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கம்பம் பள்ளத்தாக்கில் முறை வைத்து நீர் பாய்ச்சும் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். அவரவர் முறைக்கு அவரவர் மடையருகே நிற்றல் வேண்டும். நோயுற்ற பிள்ளையைப் பேணுவதும் அத்தகைய கூட்டுக் காரியமே.

சர்க்கரை வியாதி முதியோருக்கே உரியதன்று. சிறுவர்க்கு வரும் முதல் வகை நோயில், உடல் இன்சுலினை அநேகமாகச் சுரப்பதே இல்லை. தின்பண்டத்தாலோ பெற்றோர் குற்றத்தாலோ இது வருவதன்று. 1922 ஜனவரியில், கனடா நாட்டு டொரோன்டோ நகரில், லியனார்ட் தாம்ஸன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கே முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. சாகுந்தறுவாயில் இருந்த அவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். இன்றும் ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. நாட்டு மருந்தை நம்பி அதனைக் கைவிடலாகாது.

பிள்ளைகள் பருவமெய்தும் வயதில், வளர்ச்சிக்குரிய சுரப்பு நீர்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. ஒழுங்காக ஊசி போட்டாலும் சர்க்கரை ஏறக்கூடும். இதை அறியாத தகப்பனார், "ஒளித்து வைத்து என்ன தின்றாய்?" என்று அதட்டுகிறார். மறுமுறை பிள்ளை அஞ்சிப் பொய்க் கணக்கு எழுதுகிறது. அக்கணக்கைக் கொண்டே டாக்டர் மருந்தின் அளவை நிர்ணயிக்கிறார். வீட்டுச் சினம் இவ்வாறு பிள்ளையின் உடலில் நோயாக முடிகிறது. "வளர்ந்துவிட்டாய், நீயே பார்த்துக்கொள்" என்று விட்டுவிடுதலும் தவறே.

நம் தாய்மார் பலர் விடியுமுன் ஜீப்பேறி இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குச் செல்கின்றனர். காலை ஊசி வேளையில் தாய் இல்லாவிடில், தகப்பனாரோ பாட்டியோ அருகிருத்தல் வேண்டும். நடுக்கமும் வியர்வையும் கண்டால், நினைவு தப்புமுன் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வீட்டார் அனைவரும் அறிந்திருத்தல் அவசியம். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாது, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

பெண்ணுக்கு மணமாகாதென்று நோயை மறைக்கும் குடும்பங்களும் உண்டு. மறைத்தால், அவள் மயங்கி விழும்போது அண்டை வீட்டாரும் உதவ இயலாது. ஊராட்சி உறுப்பினர்கள் தலைமையாசிரியரிடம் பேசி, பள்ளியில் கூச்சமின்றி ஊசி போட்டுக்கொள்ள இடம் செய்து தரலாம்.

கணக்கில் எந்த எண் வந்தாலும் அஞ்சாது உண்மையைச் சொல்லும் பிள்ளைக்கே மருத்துவம் பயன்படும். அந்த அச்சமின்மையை அளிப்பது வீட்டார் கடமை.