சும்மா உட்கார்ந்த சாயங்காலம்

நடுவர் அவர்களே! பணமே மகிழ்ச்சி என்கிறது எதிரணி. நாங்க நாமக்கல்காரங்க. எங்க ஊர்ல முட்டைக்குப் பஞ்சமில்லை, கடலுக்குத்தான் பஞ்சம்!

கல்யாணமாகி 25 வருஷம் கழித்து, என் வீட்டம்மாவை மாமல்லபுரம் பக்கம் ஒரு நட்சத்திர ஓட்டலுக்குக் கூட்டிப்போனேன். குறை சொல்லக்கூடாது, மெத்தென்ற படுக்கை, திரையை விலக்கினால் கடல். காலையில் ஆம்லெட்டுக்கு பில் வந்தது. "ஏனுங்க, இந்தக் காசுக்கு நம்மூர்ல ஒரு அட்டை முட்டையே வாங்கலாமே!" என்றாள். (சிரிப்பு) அப்புறம் எதுவும் ருசிக்கவில்லை.

சாயங்காலம், ராஜசிம்ம பல்லவன் கட்டிய கடற்கரைக் கோயில் பக்கம், மணலில் ஒரு பொட்டலம் சுண்டலோடு உட்கார்ந்தோம். அலை காலைத் தொட்டதும் என் கையைப் பிடித்தாள். "லாரி, லோடுன்னே ஓடினீங்க. இன்னிக்குத்தான் எங்கூட சும்மா உட்கார்ந்திருக்கீங்க" என்றாள். சுருக்கென்றது ஐயா!

அறைக்கு வாடகை கொடுத்தேன். அந்த 25 வருஷத்தை எந்தப் பணம் திருப்பித் தரும்? (கைதட்டல்)