சந்தனக் காப்பும் இருண்ட பொருளும்

இராமநாதபுரத்தை அடுத்த உத்தரகோசமங்கையில் மரகத நடராசப் பெருமான் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பினுள் மறைந்திருக்கின்றார். மார்கழித் திருவாதிரையை ஒட்டியே அக்காப்பு களையப்படுகின்றது.

அண்டத்திலும் காணாப் பொருள் உண்டு. 1933-இல் சுவிக்கி என்னும் வானியலறிஞர், கோமாக் கூட்டத்து விண்மீன் மண்டலங்கள் விரையும் வேகத்தை ஆராய்ந்தார். அவற்றைச் சிதறாது பிணைத்து வைக்க, ஒளிரும் பொருளின் ஈர்ப்பு மட்டும் போதாது எனக் கண்டார். பொருள் அனைத்திலும் ஏறக்குறைய 85 விழுக்காடு ஒளிராத இருண்ட பொருளே என்பது இன்றைய கணிப்பு. நாம் அறிந்த பரிமாணங்களுக்கு அப்பால் வேறு பரிமாணங்கள் சுருண்டு கிடக்கலாம். ஆதி அண்டத்தின் பெருவெப்பத்தில் அவற்றின் வழியே இப்பொருள் தோன்றியிருக்கலாம் என்பர் சிலர். அதற்குச் சான்று இன்னும் கிட்டவில்லை.

இதனை நம் சாத்திரங்கள் முன்பே மொழிந்துவிட்டன என்று நாம் பெருமை பேசலாகாது. காணாததை இல்லையென்று தள்ளாமலும், காணுமுன் கண்டோம் என்று பொய்யுரையாமலும் தேடுகின்ற அடக்கத்தையே அவ்வறிஞரிடம் கற்போம். காப்புக் களையும் நாள்வரை காத்திருக்கும் அடியார்க்கு அவ்வடக்கம் புதிதன்று.

திருச்சிற்றம்பலம்!